அரசியல் வன்முறை வழக்குகளின் தீர்ப்பைத் தேட இந்தியன் கானூன்: மதுரை வட்டாரத்தில் எழுதுவோருக்கு ஒரு மதிப்புரை

ஜூன் 30 மேலவளவுக் கொலைகளின் நினைவு நாள், செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் நாள். மதுரையைச் சுற்றி எழுதுகிறவர்களுக்கு இந்தத் தேதிகள் மனப்பாடம். நாள் நெருங்கும்போது நாளிதழுக்கும் சிற்றிதழுக்கும் யூடியூப் சேனலுக்கும் 'பின்னணி' என்று ஒரு பத்தி தேவைப்படும். எத்தனை பேர் இறந்தார்கள், யாருக்கு என்ன தண்டனை, மேல்முறையீடு என்ன ஆனது என்று நான்கைந்து வரி. பெரும்பாலும் அது போன வருடத்துப் பத்தியிலிருந்து எடுக்கப்படும். போன வருடத்துப் பத்தி அதற்கு முந்தைய வருடத்திலிருந்து வந்திருக்கும். ஒருமுறை நுழைந்த பிழை இப்படித்தான் இருபது வருடம் உட்கார்ந்துகொள்கிறது. இரு தரப்பு ஊர்க்காரர்களும் படிக்கப்போகும் பத்தி இது. ஓர் எண் பிசகினால் 'எங்க ஆளுக செத்ததக் கொறச்சு எழுதிட்டாய்ங்க' என்று கோபப்படுவார்கள், அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு.

அந்தப் பத்தியைச் சரியாக எழுத, வீட்டில் இருந்தபடியே, காசில்லாமல் கிடைக்கும் முதல் கருவி இந்தியன் கானூன் தளம். 2008-இல் தொடங்கியது. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், தீர்ப்பாயங்கள் ஆகியவற்றின் தீர்ப்புகளையும் சட்டங்களையும் தேடித் தருகிறது. கணக்குத் தொடங்காமலே தேடலாம், முழுத் தீர்ப்பையும் படிக்கலாம். வழக்கறிஞர்களுக்கு இது அன்றாடக் கருவி. செய்தியும் வரலாறும் எழுதுகிறவர்கள் இதை எப்படிப் பயன்படுத்த வேண்டும், எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதுதான் இங்கே பேச்சு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். யார் மீது வழக்கு, எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம் எந்தத் தேதியில் என்ன சொன்னது என்பதற்கு இதைவிட நல்ல இலவச வழி கிடையாது. ஆனால் 'அன்றைக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது' என்ற கேள்விக்கு இதை மட்டும் வைத்து எழுதினால் பத்தி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அந்தச் சாய்வு எழுதுகிறவருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் கையில் இருப்பது நீதிமன்றத் தீர்ப்பு.

தேடும் முறை

பலரும் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். குற்றவியல் மேல்முறையீட்டுக்குத் தலைப்பு ஊர்ப் பெயரில் இருக்காது. தண்டனை பெற்றவர் பெயர் ஒரு பக்கம், 'காவல் ஆய்வாளர் அல்லது டி.எஸ்.பி. மூலமாக அரசு' என்பது மறுபக்கம், அவ்வளவுதான். ஊர் பெயர் தீர்ப்பின் உடலுக்குள் இருக்கும், அதுவும் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் நம் ஊர்களுக்கு நிலையான எழுத்து கிடையாது. ழகரத்துக்கு ஒரு தட்டச்சர் ஒற்றை 'எல்' போடுவார், இன்னொருவர் 'இஸட் எச்' போடுவார். கீழத்தூவல், பெருங்காமநல்லூர், மேலவளவு போன்ற பெயர்களுக்கு நான்கைந்து எழுத்து வடிவமாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

அதைவிட நல்ல சாவி, சம்பவத் தேதி. நம் நீதிமன்றத் தீர்ப்புகளில் தேதியைப் புள்ளி வைத்து எழுதுவதுதான் பெருவழக்கு. '30.6.1997', '30.06.1997', '30.06.97' என்று மூன்றையும் மேற்கோள் குறிக்குள் தனித்தனியாகப் போட்டு, கூடவே மேலூர் என்ற சொல்லைச் சேருங்கள். இரண்டு சொல்லும் கட்டாயம் வர வேண்டும் என்றால் ஆங்கில 'அண்ட்' சொல்லின் கடைசி 'டி'யை இரட்டித்துப் பெரிய எழுத்தில் போட வேண்டும். 'ஆர்', 'நாட்' இரண்டுக்கும் அதே விதிதான், கடைசி எழுத்து இரட்டிக்கும். சாதாரண 'அண்ட்' போட்டால் தளம் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது. முதல் தகவல் அறிக்கையின் குற்ற எண்ணும் காவல் நிலையமும் தெரிந்திருந்தால் அவை இரண்டுமே போதும். வேறு எந்தச் சாவியும் அவ்வளவு துல்லியமாகப் பூட்டில் பொருந்தாது.

நீதிமன்றத்தைக் குறித்து ஒரு பொறி இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்றுதான் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய தென்மாவட்ட மேல்முறையீடுகள் சென்னையில் நடந்தவை. கிளையின் வழக்கு எண்களில் அடைப்புக்குறிக்குள் 'எம்.டி.' என்று இருக்கும். அந்த எழுத்துகளை வைத்து வடிகட்டினால் பழைய வழக்குகள் மொத்தமாக விடுபடும். 2004-க்குப் பிறகும் இது சிக்கல் செய்யும். மேலவளவு வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பவம் மதுரை மாவட்டம், மேலூர் வட்டாரம். விசாரணை நடந்ததோ சேலம் அமர்வு நீதிமன்றத்தில். அதனால் 2006-இல் தீர்ப்பான மேல்முறையீடும் மதுரைக் கிளைக்கு வரவில்லை. 'மதுரை' என்று தேடுகிறவருக்கு அது கண்ணில் படாது, 'வழக்கு என்ன ஆனது என்றே தெரியவில்லை' என்று எழுதிவிடுவார். சாதி, அரசியல் வன்முறை வழக்குகளில் விசாரணையை வேறு மாவட்டத்துக்கு மாற்றுவது உண்டு. எந்த ஊரில் விசாரணை நடந்தது என்பதைத்தான் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இந்தியன் கானூனை நம்பி உட்காராமல் ஈ-கோர்ட்ஸ் தளத்துக்குப் போங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்க அடையாளம் இருக்கிறது. வழக்கு எண் மாறினாலும் அது மாறாது. காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு ஆகியவற்றை வைத்தும் தேடலாம். பழைய அமர்வு வழக்குகளுக்குப் பெரும்பாலும் தீர்ப்பு ஏற்றப்பட்டிருக்காது. அப்போது நகல் மனுதான் வழி. வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் நபர் கேட்பதால் என்ன காரணத்துக்காக நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். வழக்கறிஞர் ஒருவர் மூலமாகப் போடுவது அலைச்சலைக் குறைக்கும்.

தீர்ப்பில் யார் பேசுகிறார்கள்

எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

ஒரு கொலை வழக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஏறக்குறைய ஒரே அமைப்பில் ஓடும். முதலில் அரசுத் தரப்பு வழக்கின் சுருக்கம். முன்பகை என்ன, யார் எந்த ஆயுதத்துடன் வந்தார்கள், யார் எங்கே வெட்டினார்கள் என்று கதைபோல விரியும். அடுத்து சாட்சிகள், ஆவணங்கள். பிறகு எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், நீதிபதியிடம் சொன்ன பதில். அதற்குப் பின் இரு தரப்பு வாதம். கடைசியில்தான் நீதிமன்றம் தன் குரலில் பேசத் தொடங்கும். முதல் பகுதி படிக்க எளிது, விவரம் நிறைந்தது, கட்டுரைக்குத் தோதானது. ஆகவே எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள். 'உயர் நீதிமன்றத் தீர்ப்பின்படி' என்று அதற்குத் தலைப்பும் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது போலீஸ் தரப்பு சொன்னது. நீதிமன்றம் அதை ஏற்றதா என்பது முப்பது பத்தி தள்ளி இருக்கும்.

உதாரணமாக மூன்றாம் பத்தியில், 'முதல் எதிரி அரிவாளால் கழுத்தில் வெட்டினார். இரண்டாம் எதிரி தலைமுடியைப் பிடித்துக்கொண்டார்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே தீர்ப்பின் முப்பத்தொன்றாம் பத்தி, 'அ.சா.2 (அரசுத் தரப்பின் இரண்டாம் சாட்சி) சம்பவ இடத்தில் இருந்தாரா என்பதே ஐயத்துக்குரியது' என்கிறது. கடைசிப் பத்தி இருவரையும் விடுவிக்கிறது. மூன்றாம் பத்தியை மட்டும் எடுத்து, 'இன்னார் வெட்டினார், ஆனால் நீதிமன்றம் விடுவித்துவிட்டது' என்று எழுதினால், விடுதலையான ஒருவரைக் கொலைகாரர் என்று அச்சில் சொன்னதாக ஆகும். சரியாக எழுதினால் இப்படி வரும்: 'முதல் எதிரி வெட்டியதாகப் போலீஸ் வழக்குத் தொடர்ந்தது. கண்ணால் கண்டதாகச் சொன்ன சாட்சியை நம்ப இயலாது என்று கூறி, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.' ஒரு வாக்கியம் கூடுதல்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் உரியவர் யார் என்று தெரிகிறது.

குறியீடுகளைத் தெரிந்துகொண்டால் படிப்பது எளிது. கீழமை நீதிமன்றத் தமிழ்த் தீர்ப்புகளில் அரசுத் தரப்பு சாட்சி 'அ.சா.', அவர்கள் தரப்பு ஆவணம் 'அ.சா.ஆ.', கைப்பற்றிய அரிவாள், இரத்தக் கறை படிந்த சட்டை போன்றவை 'சா.பொ.' ஆங்கிலத் தீர்ப்பில் இவையே பி.டபிள்யூ., எக்ஸிபிட் பி, எம்.ஓ. என்று வரும். 'ஏ' எதிரியைக் குறிக்கும், 'டி' இறந்தவரைக் குறிக்கும். 'டி.டபிள்யூ.' என்று வந்தால் அது எதிர்த்தரப்பு சாட்சி. அதை 'டி' என்று படித்து இறந்தவர் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

இந்தியன் கானூன் இந்தச் சிக்கலுக்கு ஒரு வசதி செய்திருக்கிறது. பல தீர்ப்புகளில் பத்திகளுக்குப் பக்கத்தில் நிற அடையாளம் போட்டு, இது சம்பவ விவரம், இது மனுதாரர் வாதம், இது எதிர்மனுதாரர் வாதம், இது நீதிமன்றத்தின் காரணம், இது முடிவு என்று பிரித்துக் காட்டுகிறது. நூறு பக்கத் தீர்ப்பில் நீதிமன்றம் எங்கே பேசத் தொடங்குகிறது என்று தாவிப் போக இது பெரிய உதவி. ஆனால் அது கணினி ஊகித்துப் போடும் அடையாளம். வாதத்தை ஒரு பத்தியில் எடுத்துச் சொல்லி அதே பத்தியில் நீதிபதி மறுக்கும்போது ஒரே நிறம்தான் விழும். நிறத்தைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடியுங்கள், எழுதும் முன் முன்னும் பின்னும் இரண்டு பத்தியைப் படித்துவிடுங்கள்.

சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்ற வரி தென்மாவட்ட வழக்குகளில் அடிக்கடி வரும். போலீசில் சொன்னதாக இருப்பதை நீதிமன்றத்தில் மறுத்துவிட்டார் என்பதே அதன் பொருள். மிரட்டப்பட்டாரா, விலைபோனாரா, போலீஸ்தான் முதலில் இட்டுக்கட்டியதா என்பதைத் தீர்ப்பு சொல்லியிருந்தால் ஒழிய நீங்கள் சொல்லக்கூடாது. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமும் அப்படித்தான். அதை வைத்துப் பொருள் ஏதும் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி தவிர, சட்டப்படி அது சாட்சியம் ஆகாது. குற்றப்பத்திரிகையில் இருக்கிறது, பத்திரிகைகளிலும் வந்தது என்பதற்காக 'ஒப்புக்கொண்டார்' என்று எழுத அது போதாது.

எந்தப் படி வரை வழக்கு வந்திருக்கிறது

மதுரையில் 2007 மே 9 அன்று தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டதில் ஊழியர்கள் மூன்று பேர் இறந்தனர். சி.பி.ஐ. விசாரித்த அந்த வழக்கில் 2009 டிசம்பரில் மதுரை அமர்வு நீதிமன்றம் 17 பேரையும் விடுவித்தது. அதற்குப் பின் பத்து வருடம் எழுதப்பட்ட எல்லாவற்றிலும் 'அனைவரும் விடுதலை' என்ற வரிதான். 2019 மார்ச்சில் மதுரைக் கிளை அதை மாற்றி, 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2009-ஐ மட்டும் பார்த்தவருக்கு ஒரு வரலாறு, 2019-ஐப் பார்த்தவருக்கு வேறு வரலாறு.

எதிர்த் திசையிலும் நடக்கும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் தீயில் மாண்டார்கள். அமர்வு நீதிமன்றம் நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை கொடுத்தது, 1973-இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. தண்டனை நிற்கவில்லை என்பதால் 44 பேர் எரிக்கப்படவில்லை என்று யாரும் எழுத முடியாது. குறிப்பிட்ட இந்த எதிரிகள் மீது குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டதா என்ற ஒரே கேள்விக்குத்தான் குற்றவியல் தீர்ப்பு பதில் சொல்லும். கூலிப் போராட்டம், சங்கக் கொடி, சாதி எல்லாம் அந்தக் கேள்விக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் தீர்ப்புக்குள் வரும்.

ஆகவே ஒரு தீர்ப்பு கிடைத்ததும், அந்தப் பக்கத்தில் அதை மேற்கோள் காட்டும் பிற தீர்ப்புகளின் பட்டியலைப் பாருங்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பு சில நேரம் அதில் வரும். வராவிட்டாலும் உச்ச நீதிமன்றத் தளத்தில் எதிரியின் பெயரை வைத்து ஒருமுறை தேடுவது கட்டாயம். நிலுவையில் இருக்கிறது என்று தெரிந்தால் அதையும் எழுத வேண்டும்.

தீர்ப்போடும் கதை முடிவதில்லை. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் கொல்லப்பட்ட வழக்கில் 40 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டு, 2001-இல் 17 பேர் ஆயுள் தண்டனை பெற்றார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இத்தோடு நிறுத்தினால் தீர்ப்புப்படி சரி, நிலவரப்படி தவறு. அரசாணையின் பேரில் 2008-இல் மூவரும், 2019 நவம்பரில் 13 பேரும் முன்கூட்டியே விடுதலை ஆனார்கள். அரசாணை இந்தியன் கானூனில் வராது. அந்த விடுதலையை எதிர்த்து யாராவது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால்தான் அதன் விவரம் தீர்ப்பு வழியாக உள்ளே வரும். முன்விடுதலை, பரோல், மன்னிப்பு ஆகியவற்றுக்கு உள்துறை, சிறைத்துறை அரசாணைகளைத் தனியாகத் தேட வேண்டும். ஜூன் 30 பத்தியில் 'ஆயுள் தண்டனை அனுபவித்து வருகிறார்கள்' என்று இனியும் எழுதுவது, கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு நேரும் அநீதி.

இதே வழக்கில் இறந்தோர் எண்ணிக்கையை 6 என்றும் 7 என்றும் எழுத்தில் காணலாம். இம்மாதிரி இடத்தில் எண்ணைப் பத்திரிகையிலிருந்து எடுக்காமல், தீர்ப்பில் கொலைக் குற்றச்சாட்டு எத்தனை பேர் மரணத்துக்காக வனையப்பட்டது, எத்தனை பிரேதப் பரிசோதனைச் சான்று ஆவணமாகக் குறியிடப்பட்டது என்று எண்ணுங்கள். நினைவிடமும் இயக்கமும் வேறு எண் சொன்னால், இரண்டையும் அவரவர் பெயரோடு எழுதுங்கள். சராசரியும் வேண்டாம், 'சுமார்' என்றும் வேண்டாம்.

'கூறப்படுகிறது' எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

நடுநிலை என்று நினைத்து எல்லா வரிக்கும் 'கூறப்படுகிறது' போடுவதும், எல்லாச் சம்பவத்தையும் 'இரு தரப்பு மோதல்' என்பதும் நம்மிடம் ஊறிப்போன பழக்கம். மூன்று நீதிமன்றம் உறுதி செய்த ஒன்றை, ஓடும் பேருந்தில் வந்தவர்களை ஒரு கும்பல் மறித்து வெட்டியதை, 'மோதலில் இறந்ததாகக் கூறப்படுகிறது' என்று எழுதினால் அது ஒரு பக்கச் சாய்வுதான். உறுதியான கண்டறிதலை உங்கள் குரலிலேயே நேராகச் சொல்லுங்கள். விசாரணை முடியாததை, ஒரே தரப்பு சொன்னதை, சொன்னவர் யார் என்று குறித்துச் சொல்லுங்கள். யார் சொன்னது என்றே இல்லாமல் வெறுமனே 'கூறப்படுகிறது' என்று நிற்கும் வாக்கியத்தை ஆசிரியர் திருப்பி அனுப்ப வேண்டும்.

போலீஸ் துப்பாக்கிச்சூடு என்றால் இந்தத் தளம் பாதி கை விரித்துவிடும். அங்கே கொலை வழக்கும் எதிரியும் பெரும்பாலும் இருக்காது. கல்லெறிந்ததாகக் கூட்டத்தின் மீது வழக்கு இருக்கும், சி.பி.ஐ. விசாரணையும் இழப்பீடும் கேட்டு ரிட் மனுக்கள் இருக்கும். அந்த ரிட் உத்தரவுகளில் உள்ள சம்பவ விவரம் பெரும்பாலும் மனுதாரர் உறுதிமொழியிலிருந்தோ போலீஸ் எதிர்மனுவிலிருந்தோ வந்தது. இரண்டையும் நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்திருக்காது.

மற்றபடி கிடைப்பது விசாரணை ஆணைய அறிக்கை. 1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டத்தின்படி, அறிக்கை வந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு அரசு அதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். ஆணையத்தின் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது, தண்டிக்காது. 2011 செப்டம்பர் 11 பரமக்குடி துப்பாக்கிச்சூடு பற்றி விசாரித்த நீதிபதி சம்பத் ஆணையம் போலீஸ் சுட்டது சரி என்றது. 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு பற்றி விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் போலீசார் வரம்பு மீறினார்கள் என்றது. நமக்குப் பிடித்த முடிவு என்றால் 'ஆணையம் நிரூபித்தது', பிடிக்காதது என்றால் 'ஆணையம் என்ற பெயரில்' என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவது. இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்லைப் போடுங்கள்: 'ஆணையம் இவ்வாறு முடிவு செய்தது'. அதன் பின் யாருடைய சாட்சியத்தை வைத்து, எதை ஒதுக்கி அந்த முடிவுக்கு வந்தது, அரசு அதை ஏற்றதா, நீதிமன்றத்தில் அது என்ன ஆனது என்று சொல்லுங்கள். அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும் சாட்சிப் பட்டியலில் இறந்தவர்களின் குடும்பத்தினர் எத்தனை பேர், போலீஸ் அதிகாரிகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாலே அறிக்கையின் எடை ஓரளவு தெரிந்துவிடும்.

சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியவை

முதல் தகவல் அறிக்கையைப் பதிவான 24 மணி நேரத்துக்குள் போலீஸ் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற உணர்ச்சிகரமான வழக்குகளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கைக் காட்டி சாதி மோதல் வழக்குகளின் அறிக்கை ஏற்றப்படாமல் போகலாம். கிடைத்தாலும் அது முதலில் சொல்லப்பட்டது மட்டுமே. நேரத்தையும் தேதியையும் கவனியுங்கள். சம்பவம் எப்போது, புகார் எப்போது, நீதித்துறை நடுவர் கைக்கு அறிக்கை எப்போது போய்ச் சேர்ந்தது என்ற மூன்று நேரத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை வைத்துத்தான் பாதி வழக்குகளில் வாதம் நடக்கிறது.

தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். 'விசாரணை பாதிக்கும்' என்று மறுத்தால், எப்படிப் பாதிக்கும் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு அலுவலருடையது. முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம். பழைய சம்பவங்களுக்குப் பிரிவு 8(3) கைகொடுக்கும். 20 ஆண்டு கடந்த நிகழ்வு என்றால் பெரும்பாலான விலக்குகள் செல்லாது, நாட்டுப் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவை ஆவணம் ஆகிய மூன்று மட்டுமே மிச்சம். 1997 மேலவளவு, 1999-இல் நெல்லையில் போலீஸ் தடியடியின்போது பலர் தாமிரபரணி ஆற்றில் இறந்தது, இரண்டும் இந்த வரம்பைத் தாண்டிவிட்டன. கேள்வி கேட்காமல் ஆவணம் கேளுங்கள். 'ஏன் சுட்டீர்கள்' என்பதற்குப் பதில் வராது. 'இன்ன தேதியில் துப்பாக்கிச்சூட்டுக்கு உத்தரவிட்ட நிர்வாக நடுவரின் அறிக்கை நகல்' என்றால் வரலாம்.

1957 முதுகுளத்தூர் கலவரத்துக்கு இந்தியன் கானூன் ஏறக்குறைய உதவாது. இம்மானுவேல் சேகரன் செப்டம்பர் 11 அன்று கொல்லப்பட்டதும், செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் ஐந்து பேர் போலீசால் சுடப்பட்டு இறந்ததும், அந்த மாதக் கடைசியில் முத்துராமலிங்கத் தேவர் கைதாகி 1959-இல் விடுதலை ஆனதும் ஒரே வரிசையில் வருபவை. இதில் ஒரு தேதியை மட்டும் வைத்துத் தொடங்குகிறவர் எந்தத் தரப்பு என்று ஊர் உடனே கண்டுபிடித்துவிடும். ஜூலை மாத முதுகுளத்தூர் இடைத்தேர்தலில் இருந்து தொடங்கி நான்கையும் சொல்வதுதான் வாசகருக்குச் செய்யும் நியாயம். ஆதாரத்துக்குச் சட்டமன்ற விவாதத் தொகுதிகளும் எழும்பூர் ஆவணக் காப்பகமும்தான் இடம். அங்கேயும் அமைச்சர் சொன்ன எண்ணை 'அரசுக் கணக்கு' என்றே எழுத வேண்டும். பல ஊர்களில் எரிந்த வீடுகளைக் கணக்கெடுத்தவர்களும் அரசு ஊழியர்கள்தான்.

தமிழில் தீர்ப்பு வேண்டுவோருக்கு உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளில் ஒரு பகுதியைத் தமிழாக்கி இலவசமாகத் தருகிறது. பொருள் பிடிக்க நல்லது. மேற்கோளாக எடுத்து எழுதும் முன் ஆங்கில மூலத்தோடு ஒப்பிடுங்கள், சட்டப்படி செல்வது ஆங்கிலம்தான். இறந்தவர் யார் வெட்டியவர் யார் என்ற எழுவாய் நீளமான ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்கும்போது இடம் மாறிவிடும் அபாயம் உண்டு.

பெயர் போடுவதில் கவனம் தேவை. நீதிமன்ற நடவடிக்கையை உண்மையாக எடுத்துச் சொல்வது அவதூறு ஆகாது என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு முழு நடவடிக்கையையும் சொல்பவருக்குத்தான், குற்றச்சாட்டைச் சொல்லி விடுதலையை மறைப்பவருக்கு இல்லை. விடுதலையானவர் பெயர் இணையத்தில் கிடப்பது குறித்து மதுரைக் கிளையிலேயே ஒரு வழக்கு வந்து, 2024 பிப்ரவரியில் அந்தத் தீர்ப்பை நீக்கும்படி இந்தியன் கானூனுக்கு உத்தரவானது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பொதுவாழ்வில் இல்லாத, விடுதலையான ஒருவரின் பெயர் உங்கள் கட்டுரைக்குத் தேவையில்லை என்றால் 'ஐந்தாம் எதிரி' என்று எழுதினால் போதும், உண்மை எதுவும் குறையாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர், சிறார் ஆகியோர் பெயர் தீர்ப்பில் தவறிப்போய் இருந்தாலும் நீங்கள் எடுத்துப் போடக்கூடாது, அது தண்டனைக்குரியது.

இணையத்தில் உள்ள தீர்ப்பு நாளைக்கும் அதே இடத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பயன்படுத்தும் ஒவ்வொன்றையும் பி.டி.எஃப். ஆக இறக்கி, வழக்கு எண், தீர்ப்புத் தேதி, நீதிபதிகள் பெயர், எடுத்த பத்தி எண், இறக்கிய தேதி ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். உயர் நீதிமன்றத் தளத்திலும் அதே தீர்ப்பு இருக்கிறதா, பத்தி எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை சரிபாருங்கள். தட்டச்சுப் பிழை திருத்திய உத்தரவு பின்னால் வந்திருந்தால் அது தனிப் பக்கமாகத்தான் கிடக்கும். அடுத்த வருடம் அதே பத்தியை எழுத வருகிறவருக்கு அந்தக் கோப்புறையைக் கொடுங்கள், போன வருடத்துப் பத்தியை வெட்டி ஒட்டக் கொடுக்காதீர்கள்.